தூள் கலக்காத தேநீர்

என் மனைவி இருமவில்லை. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இருமியிருந்தால் நான் பயந்து கோப்பையைக் கீழே வைத்திருப்பேன். பிறகு நடந்தவை எதுவும் நடந்திராது. அவள் தேநீரில் சில மிடறு குடித்தாள், கண்ணை மூடினாள், "இதுதான் ரீ" என்றாள். யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. எதையோ வென்றுவிட்டவனைப்போல நான் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை. அவளுக்குப் பக்கவாதம் வந்து, வைத்தியசாலையிலிருந்து முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றிய உடனேயே, விழுங்குவதைச் சோதிக்கும் நிபுணர் ஒருவர் வந்தார். தண்ணீர்போல ஓடும் எதுவும் தொண்டையில் வழி தவறி நுரையீரலுக்குள் போய்விடும் என்று படம் கீறிக் காட்டினார். "இருமினால் நல்லது. இருமாமல் உள்ளே போவதுதான் ஆபத்து. இவருக்கு அந்த இடத்தில் உணர்வு குறைந்துவிட்டது. சத்தமில்லாமல் இறங்கும்" என்று பிரெஞ்சில் சொன்னார். அதை மனைவிக்குத் தமிழில் சொன்னவன் நான். ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

ஒரு சொல் விடாமல் சொல்வது எனக்குப் பெருமையாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். மொன்றியலுக்கு வந்து, புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தின் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டே பிரெஞ்சும் படித்தேன். எங்கள் ஆட்களில் யாருக்கு வைத்தியரிடமோ குடிவரவு அலுவலகத்திலோ பேச வேண்டியிருந்தாலும் என்னைத்தான் அழைப்பார்கள். "மாஸ்ரர் வந்தால் பயமில்லை" என்பார்கள். வைத்தியர் கெட்ட செய்தி சொல்லும்போது பிள்ளைகள் எனக்குக் கண் காட்டுவார்கள், அம்மாவுக்கு அதைச் சொல்ல வேண்டாமென்று. நான் சொல்லிவிடுவேன். அதற்காகச் சிலர் இன்றும் என்னோடு பேசுவதில்லை. அதையும் பெருமையாகத்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

இல்லத்தில் அவளுடைய பானங்கள் எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைத் தூளைக் கலப்பார்கள். தண்ணீரும் பழச்சாறும் தேநீரும் கரண்டியில் நின்று மெல்ல வழியும் கூழாகிவிடும். கட்டிலின் தலைமாட்டில், எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்பதை ஒரு கோப்பைப் படத்தோடு ஒட்டியிருந்தார்கள். அவள் அதை நாக்கால் வெளியே தள்ளினாள்.

"இஞ்சாருங்கோ, இது எலெக்‌ஷனுக்கு நோட்டீஸ் ஒட்டக் காய்ச்சுற பசை."

"கொஞ்சம் விழுங்கும்."

"நீங்கள் ஒருக்கால் விழுங்கிக் காட்டுங்கோ, பாப்பம்."

வாயில் வைத்துப் பார்த்தேன். என்னாலும் விழுங்க முடியவில்லை. அவள் கோணிப்போன வாயால் சிரித்தாள். பிறகு நாள் முழுவதும் எதையும் குடிக்கவில்லை. அவளுடைய உதடுகள் வெடித்துத் தோல் உரிந்திருந்தன. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த மாடியில் அவளோடு தமிழில் பேச என்னைத் தவிர வேறு ஒருவரும் இருக்கவில்லை.

தை மாதம் பயிற்சித் தாதிகளின் குழு ஒன்று அந்த மாடிக்கு வந்தது. இங்கே மருந்து கொடுக்க, புண் கட்ட, நோயாளியைக் கவனித்துப் பெரிய தாதிக்கு அறிவிக்க, உரிமம் பெற்ற துணைத் தாதிகள் இருக்கிறார்கள். தொழிற்பள்ளியில் ஏறக்குறைய இரண்டு வருடம் படித்து, இடையிடையே 'ஸ்ராஜ்' என்று சொல்லும் நேரடிப் பயிற்சிக்கு இப்படியான இடங்களுக்கு வந்து, கடைசியில் பரீட்சை எழுதித்தான் அந்த உரிமத்தை எடுக்க வேண்டும். குழுவில் எல்லாரும் இருபது வயதுப் பிள்ளைகள், ஒருவரைத் தவிர. நாற்பதைத் தாண்டிய அந்தப் பெண் எங்கள் அறைக்குள் வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மாஸ்ரர், என்னைத் தெரியேல்லையே? என்ரை மாமிக்குக் கண் ஒப்பரேஷன் நேரம் நீங்கள்தான் வந்து கதைச்சனீங்கள்."

எனக்கு நினைவில்லை. "ஓம், ஓம், ஞாபகம் இருக்கு பிள்ளை" என்றேன்.

அன்றிலிருந்து என் மனைவி அவருடைய பொறுப்பு. கை வேலையில் இருந்தாலும் அவருடைய வாய் ஓயாது. மரக்கறி பொதி செய்யும் ஆலையில் பல வருடம் நின்றதைச் சொல்வார். பிள்ளைகள் தன் பிரெஞ்சைக் கேட்டுக் காதைப் பொத்துவதைச் சொல்வார்.

"எலும்புப் பேர் முழுக்கப் பிரெஞ்சிலை பாடமாக்கிப்போட்டன், அன்ரி. தமிழிலை கேட்டியளெண்டால் கை, கால், தலை. அவ்வளவுதான்."

"உம்மடை மனிசன் என்ன சொல்லுறார்?" என்று மனைவி குழறலாகக் கேட்பாள்.

"அவரோ? அவரின்ரை கையிலைதான் பிரஷர் பார்த்துப் பழகினனான். இப்ப நான் மெஷினை எடுத்தாலே மனிசனுக்குப் பிரஷர் ஏறுது."

ஒருநாள் கட்டிலைத் தாழ்த்தாமல் அறையை விட்டு வெளியே போனதற்காகப் பயிற்சி ஆசிரியை அவரை நடைபாதையில் எல்லார் முன்னாலும் கண்டித்தார். ஆசிரியை குட்டையாக முடி வெட்டிய கியூபெக்காரி. குரலை உயர்த்தமாட்டார், அதனாலேயே எல்லாருக்கும் பயம். திரும்பி வந்த பெண் கட்டிலைத் தாழ்த்திக்கொண்டே சொன்னார்: "இதுதான் கடைசி ஸ்ராஜ், மாஸ்ரர். இதைத் தாண்டினால் சோதினை, பிறகு லைசென்ஸ். ஆபத்தான பிழை ஒண்டு விட்டாலும் வீட்டை போ எண்டிடுவா. நான் திரும்பவும் அந்தக் கரட் கழுவுற இடத்துக்குப் போகமாட்டன். செத்தாலும் போகமாட்டன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிவந்திருந்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் நான் தேநீர் கொண்டுபோகத் தொடங்கினேன்.

ஜான்-டலோன் சந்தையில் நல்ல இஞ்சி வாங்கித் தட்டிப்போட்டு, பால் விடாமல், சீனி கூடப்போட்டு, சிறிய சுடுநீர்ப் போத்தலில் ஊற்றி, கோட்டின் உட்பையில் வைத்துக்கொண்டு போவேன். மதியச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு எல்லாரும் நடைபாதையின் மறுமுனைக்குப் போகும் நேரம் எனக்குத் தெரியும். இல்லத்தின் கோப்பையில் கொஞ்சமாக ஊற்றுவேன். அவள் குடிப்பாள். இருமமாட்டாள். அந்த இருமாமையை ஒவ்வொரு நாளும் எனக்குச் சாதகமான சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் அந்தப் பெண் தட்டை மறந்துவிட்டு எடுக்கத் திரும்பி வந்தார். வாசலிலேயே நின்றார்.

"மாஸ்ரர், இஞ்சி மணக்குது."

"நான் குடிச்சனான்."

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு மனைவியின் உதட்டைப் பார்த்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"தூள் போட்டனீங்களோ?"

"பிள்ளை, அவவுக்கு ஒரு இருமலும் வரேல்லை. ஒரு கிழமையாக் குடுக்கிறன்."

"ஒரு கிழமையாவோ! ஐயோ, என்ன வேலை பார்த்தனீங்கள்? நான் இதை டீச்சரிட்டைச் சொல்லவேணும்."

"சொன்னால் என்னை இவவுக்குச் சாப்பாடு தீத்த விடமாட்டினம். வரவே விடுவினமோ தெரியாது. பேந்து இந்த மனிசி ஆரோடை கதைக்கிறது?"

"நான் கதைப்பன் தானே."

"நீர் ஸ்ராஜ் முடிய மாசியிலை போயிடுவீர்."

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். அப்போது நான் அதைச் சொன்னேன். யோசித்து, அவரை எந்த இடத்தில் பிடிக்கலாம் என்று தெரிந்துகொண்டுதான் சொன்னேன். "என்னை உம்மடை தகப்பன் எண்டு நினைச்சுக்கொள்ளும், பிள்ளை. தகப்பனைக் காட்டிக் குடுப்பீரோ?"

எங்கள் ஆட்களில் ஒருவர் இன்னொருவருக்கு இதைச் சொன்னால் பதில் சொல்ல முடியாது. அந்தக் கியூபெக் பிள்ளைகளில் யாரிடமாவது சொல்லியிருந்தால், "நீங்கள் என் தகப்பன் இல்லையே, ஐயா" என்று சொல்லிவிட்டு நேரே ஆசிரியையிடம் போயிருப்பாள். இந்தப் பெண் கோப்பையை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்துக் கழுவினார். நெடுநேரம் கழுவினார். "இனி வேண்டாம், மாஸ்ரர்" என்று முதுகு காட்டிக்கொண்டே சொன்னார். "ஓம்" என்றேன்.

மறுநாளும் போத்தலோடு போனேன்.

அதன்பின் அவர் எங்கள் அறையில் பகிடி விடவில்லை. தன் வேலையைச் செய்வார், என் கோட்டைப் பார்ப்பார், போய்விடுவார். நான் கொடுக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். எதிர் அறையில் இருந்த கிழவர் ஒரு வெள்ளிக்கிழமை காலை இல்லாமற்போனார். மதியத்துக்குள் அவருடைய பெயர் கதவிலிருந்து கழன்றிருந்தது. யன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். அந்த அறையின் குளிர் கதவிடுக்கால் வந்து எங்கள் கால்களில் பட்டது.

அந்த நாட்களில்தான் மனைவியின் குரல் மாறியது. தொண்டையில் கொஞ்சம் தண்ணீர் தங்கி நிற்பதுபோல, ஒவ்வொரு சொல்லும் அதற்குள்ளால் நனைந்து வந்தது. தேநீர் குடித்த பிறகு அது கூடும். வெப்பமூட்டியின் வறண்ட காற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாலையில் நெற்றி இளஞ்சூடாக இருக்கும், காலையில் இராது. போர்வை கனம் என்றேன். அந்தப் பெண் குரலைக் கவனித்துப் பெரிய தாதியிடம் சொன்னார். அவர் வந்து நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். எனக்கு முன்னாலேயே, "தடிப்பான பானம்தானே கொடுக்கிறீர்கள்?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். "ஆம்" என்றார் அவர். நான் போர்வையின் நுனியைச் சரிசெய்தேன்.

ஒருநாள் நான் போத்தலில் இருந்ததை ஊற்றி, அவள் பாதி குடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஆள் வரும் சத்தம் கேட்டது. போத்தலைக் கோட்டுக்குள் வைத்தேன். கோப்பையை மறைக்க நேரமில்லை. வந்தவர் துப்புரவுப் பணியாளர்தான். ஆனால் அவர் பின்னால் வேறு ஆட்களும் வர, நான் மலசலகூடத்துக்குப் போவதுபோல எழுந்து போனேன். திரும்பி வந்தபோது மனைவி நடுங்கிக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு நெஞ்சுக்குள் கொதிக்கும் தண்ணீர்போலக் கேட்டது. அவளைச் சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். பெரிய தாதி கோப்பையைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். தேநீர் ஓடியது.

ஒட்சிசன் பூட்டி, மருந்து ஏற்றி, மூச்சு கொஞ்சம் அடங்கிய பிறகு, பெரிய தாதியும் பயிற்சி ஆசிரியையும் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார்கள். அந்தப் பெண் சுவரோரம் நின்றார். இல்லத்தில் வேறு தமிழர் இல்லை. மாணவியை மொழிபெயர்க்க விட முடியாது, விசாரணையே அவரைப் பற்றியது. ஆகவே என்னைக் கேட்டார்கள்.

"இந்தக் கோப்பையை யார் கொடுத்தது என்று உங்கள் மனைவியிடம் கேளுங்கள்."

தமிழில் கேட்டேன். மனைவி என்னை விளங்காமல் பார்த்தாள். முகமூடிக்குள்ளால் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாள்.

"நீங்கள்தானே தந்தனீங்கள். என்ன கேள்வி இது?"

அவர்கள் காத்திருந்தார்கள். சுவரோரம் நின்ற பெண்ணுக்கு மட்டும் அந்த அறையில் எல்லாம் விளங்கியிருந்தது. இனி இங்கே வர விடமாட்டார்கள் என்ற ஒரே எண்ணம்தான் தலைக்குள் இருந்தது. நான் பிரெஞ்சில், இலக்கணப் பிழையில்லாமல் சொன்னேன்: "கோப்பையை அந்த மாணவிதான் கொண்டுவந்து வைத்தாராம்."

அது முழுப்பொய்யும் இல்லை. சாப்பாட்டுக்கு முன் வெறுங்கோப்பையைக் கொண்டுவந்து வைத்தவர் அவர்தான். படித்தவனுக்குப் பொய் சொல்லும்போதும் இப்படி ஒரு காற்பங்கு உண்மை அகப்பட்டுவிடுகிறது.

ஆசிரியை திரும்பினார். "நீங்களா வைத்தீர்கள்?"

"ஆம்."

"அதில் தூள் கலந்தீர்களா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் யன்னலுக்குத் திரும்பினேன். கீழே வாகனத் தரிப்பிடத்தில் ஒருவர் பனியை வாரிக்கொண்டிருந்தார். அந்த மனிதரின் சிவப்புத் தொப்பி இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தேன்.

"மறந்துவிட்டேன்" என்றார் அந்தப் பெண்.

அன்று பிற்பகலே அவரை ஸ்ராஜிலிருந்து நிறுத்தினார்கள். கோட்டைப் போட்டுக்கொண்டு லிஃப்டுக்கு நின்றவரை நடைபாதையில் கண்டேன். ஏதாவது சொல்வார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அன்ரிக்குத் தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்கச் சொல்லுங்கோ, மாஸ்ரர்" என்று மட்டும் சொன்னார். லிஃப்ட் கதவு மூடியது.

மனைவி அந்தக் காய்ச்சலிலிருந்து எழும்பினாள். ஆனால் அதன்பின் என் கையால் எதையும் வாங்கவில்லை. கரண்டியைக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்புவாள். வேறு யார் தீத்தினாலும் திறப்பாள். "அந்தப் பிள்ளை எங்கை?" என்று கேட்டாள். "ஸ்ராஜ் முடிஞ்சு போயிட்டுது" என்றேன். "பொய்" என்றாள். பிறகு கேட்கவில்லை. பங்குனிக் கடைசியில் இரண்டாவது காய்ச்சல் வந்தது. அதிலிருந்து அவள் எழும்பவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, வந்த உறவினர்கள் ரொறன்ரோவுக்குத் திரும்பிப்போன பிறகு, வீட்டில் இருக்க முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைக்கும் என்று நினைத்தேன். எனக்கும் தூக்கம் வரும் என்று நினைத்தேன். எது முதலில் என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவரைக் கேட்க வேண்டும் என்று தோன்றவேயில்லை. விசாரித்துக்கொண்டு தொழிற்பள்ளிக்குப் போனேன்.

பயிற்சி அறையில் கட்டில்கள் வரிசையாக இருந்தன. அவற்றில் வாய் திறந்த பிளாஸ்ரிக் உருவங்கள் கழுத்துவரை போர்த்திக் கிடந்தன. ஒரு மூலையில் புதிய மாணவிகள் இருவர் இருவராக இருந்து, தூள் கலந்த பழச்சாற்றை ஒருவருக்கொருவர் தீத்திப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இஞ்சி, போத்தல், கோட்டுப்பை, மனைவி சொன்னது, நான் சொன்னது. அவர் குறுக்கிடவில்லை.

முடிந்ததும் ஒன்றைக் கேட்டார். "நீங்கள் தேநீர் கொடுப்பது அவருக்கு முன்பே தெரியுமா?"

அந்த இடத்தில் நான் பொய் சொல்லியிருக்க வேண்டும். தெரியாது என்று ஒரு சொல் போதும். பொய் தேவையில்லாத இடத்தில் சொன்னவன், தேவையான இடத்தில் ஒரு சொல் விடாத மாஸ்ரராக மாறினேன்.

"தெரியும். பல நாளாகத் தெரியும். சொல்ல வேண்டாமென்று நான்தான் கேட்டுக்கொண்டேன்."

ஆசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்படியானால் மறந்துவிட்டேன் என்று அவர் என்னிடம் சொன்னது பொய்."

"எனக்காகச் சொன்ன பொய், மடாம்."

"மறப்பவரை நான் திரும்பப் பழக்கலாம். செப்ரெம்பர் குழுவில் அவருக்கு இடம் வைத்திருந்தேன். நோயாளிக்கு ஆபத்து என்று தெரிந்தும் நாட்கணக்காக வாய் திறக்காதவரை, குரல் மாறியதைக் கண்டபிறகும் திறக்காதவரை, நான் இன்னொரு கட்டிலுக்குப் பக்கத்தில் எப்படி விடுவது?"

எங்கள் ஆட்களுக்குள் வயதுக்கும் ஆசிரியனுக்கும் உள்ள மரியாதையை விளக்கப் பார்த்தேன். வசனங்கள் சரியாக வந்தன. அவர் பொறுமையாகக் கேட்டார். "நாளைக்கு இன்னொரு முதியவர் இதையே கேட்டால்?" என்றார். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

சில வாரம் கழித்துத் தொலைபேசி வந்தது. குரலை உடனே அறிந்தேன்.

"ஆரைக் கேட்டு அங்கை போனீங்கள், மாஸ்ரர்?"

"பிள்ளை, உண்மையைச் சொன்னால் உமக்கு நல்லது எண்டு…"

"எனக்கோ!" என்று சிரித்தார். பின்னால் பாத்திரம் விழும் சத்தமும் பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டைபிடிப்பதும் கேட்டது. "டீச்சர் என்னைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரை கேட்டா. நான் என்னத்தைச் சொல்லுறது? இனிச் செப்ரெம்பரும் இல்லை, ஒண்டும் இல்லை. முடிஞ்சுது."

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நான் அண்டைக்கு மறந்துபோனன் எண்டு சொன்னது உங்களைக் காப்பாத்த எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறீங்கள், என்ன? இல்லை, மாஸ்ரர். மறந்தனான் எண்டால் ஒரு ஸ்ராஜ்தான் போகும். தெரிஞ்சும் சொல்லேல்லை எண்டால் எல்லாம் போகும். அந்தச் சுவரோடை நிண்டபடி அவ்வளவையும் யோசிச்சுத்தான் சொன்னனான். நீங்கள் யன்னலைப் பார்த்துக்கொண்டு நிண்டீங்கள்."

"நான் திரும்பவும் போய்க் கதைக்கட்டோ?"

"வேண்டாம். கையெடுத்துக் கும்பிடுறன், இனி இதைப் பற்றி ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாதேங்கோ." பிறகு, வேறு குரலில்: "அன்ரியின்ரை செத்தவீட்டுக்கு வரேல்லை. குறை நினைக்காதேங்கோ." வைத்துவிட்டார்.

இதை எழுதுவதும் அவர் கேட்டுக்கொண்டதற்கு மாறானதுதான். பெயர்களை எழுதவில்லை. இல்லம் எந்தத் தெருவில் என்றும் சொல்லவில்லை. ஆனால் மொன்றியலில் எங்கள் ஆட்கள் எவ்வளவு பேர் என்பதும், நாற்பது வயதுக்குமேல் அந்தப் படிப்புப் படிக்கப் போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதியிருக்கிறேன்.